பாறைக்குழியில் ஒரு படகும் ஒரு மாப்பிள்ளையும்

மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவனுக்கு ஒரு சாபம் உண்டு. சொந்தபந்தத்தில் யார் வீட்டில் எது ஓடாவிட்டாலும் அவனைத்தான் தேடுவார்கள். மிக்ஸி, மோட்டார், கடிகாரம் (ஒருமுறை கன்று போட மறுத்த மாட்டைக்கூடக் காட்டினார்கள்), எதுவானாலும் "நம்ம தம்பி மெக்கானிக்கல் படிச்சவருங்க" என்று கூட்டிப்போய் நிறுத்திவிடுவார்கள். நானோ வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன் இன்சார்ஜ். எனக்குக் கைவந்த ஒரே எந்திரம் டேப் ஒட்டுகிற கருவி. ஆனாலும் ஜாதகத்தோடு போன பயோடேட்டாவில் 'மெக்கானிக்கல்' என்பதை மட்டும் அம்மா கொட்டை எழுத்தில் போடச் சொல்லியிருந்தாள்.

அதை நம்பி அருள்புரத்திலிருந்து பெண் பார்க்க அழைப்பு வந்தது, அம்மாவும் நானும் போனோம். பெண்ணின் அப்பா பனியன் கம்பெனி முதலாளி. முதல் நாளிலேயே அவரை மாமா என்றுதான் கூப்பிட வேண்டும், எங்கள் பக்க வழக்கம் அது. ஏற்றுமதி கொழித்த காலம். கையில் காசு சேர்ந்ததும் எங்கள் ஊரில் முதலில் ஒரு கார் வாங்குவார்கள், பிறகு அதைவிடப் பெரிய கார் வாங்குவார்கள். மாமா இரண்டையும் முடித்துவிட்டு, எஞ்சின் மாட்டிய சின்னப் படகு ஒன்று வாங்கியிருந்தார். நொய்யலில் விடலாம் என்றால், அன்றைக்குச் சாயப்பட்டறையில் என்ன கலரோ அதுதான் ஆற்றிலும் ஓடும். அதனால் தோட்டத்தில் கல் வெட்டி எடுத்த பாறைக்குழியில் தேங்கிய மழைத்தண்ணீரில் படகை மிதக்கவிட்டிருந்தார். டீ ஆறுவதற்குள் சுற்றி முடித்துவிடலாம்.

மாமாவிடம் இன்னொரு விசேஷம், எதை வாங்கினாலும் பாலிபேக்கைப் பிரிக்க மாட்டார். ரிமோட், சோபா, கார் சீட் எல்லாம் கவருக்குள்ளேயே வாழ்ந்தன. படகின் பெட்ரோல் டேங்க் ஒரு சிவப்பு டப்பா. அதிலிருந்து எஞ்சினுக்கு ரப்பர் குழாய் போகும். அந்த டப்பாவும் கனத்த பாலிபேக்கில்தான் உட்கார்ந்திருந்தது, குழாயை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு.

பஜ்ஜி தின்று கை கழுவியதும் மாமா ஆரம்பித்தார். "ஏனுங் தம்பி, மெக்கானிக்கல் படிச்சிருக்கறீங்களாமா. நம்ம படகு எஞ்சினு கெளம்புதுங்க, சித்த நேரம் ஓடுதுங்க, அப்பறம் இருமி இருமி நின்னுக்குதுங்க. ஒரு பார்வை பாருங்களே."

பெண் கோமதியை எனக்குப் பார்த்ததுமே பிடித்துப்போயிருந்தது. அவளுக்கு என்னைப் பிடித்ததா என்று அவள் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எஞ்சின் ஓடினால் கல்யாணம், நின்றால் பஜ்ஜியோடு சரி என்று எனக்குப் புரிந்துவிட்டது. 'தெரியாதுங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல விட்டால்தானே வாலிபம்.

"பிளக்காத்தான் இருக்குமுங்க மாமா" என்றேன். (ஓடாத எதையும் பிளக் என்று சொல்லிவிடலாம். மூன்று வருடப் படிப்பின் சாரம் அதுதான்.)

எல்லோரும் காரில் தோட்டத்துக்குப் போனோம். பிளக்கைக் கழற்றி, பனியன் வேஸ்ட் துணியால் துடைத்து, டாக்டர் எக்ஸ்ரே பார்ப்பதுபோல் வெயிலில் தூக்கிப் பார்த்தேன். பாலிபேக்கைப் பிரித்து, டேங்க் மூடியைத் திறந்து, பெட்ரோல் இருக்கிறதா என்று எட்டிப்பார்த்து மூடினேன். எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தேன். எஞ்சின் பிரமாதமாக ஓடியது, நிற்கவே இல்லை. அம்மா எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். கோமதிகூடச் சிரித்த மாதிரி இருந்தது.

"அந்தக் கவர மறுக்கா போட்டுருங்க தம்பி, தூசி அடையும்" என்றார் மாமா.

பேக்கிங் என்றதும் எனக்குள் இருந்த கலைஞன் விழித்துக்கொண்டான். காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை மடித்து, குழாயைச் சுற்றியும் இரட்டை டேப் ஒட்டினேன். சரக்கு வாங்குகிற எந்தப் பையரும் ரிஜெக்ட் செய்ய முடியாத பேக்கிங்.

நானும் மாமாவும் ஏறினோம். சரியாகக் குழியின் நடுவில் எஞ்சின் இருமியது, விக்கியது, நின்றது. பிளக்கைத் துடைத்தேன். சோக்கை இழுத்தேன். கயிற்றை இழுத்து இழுத்து, பெண் பார்க்கவென்று தைத்த சட்டை அக்குளில் கிழிந்தது. டேங்க்மேல் பாலிபேக் தோல் மாதிரி ஒட்டி இறுகியிருந்தது. அந்தப் பதற்றத்திலும், ஒரு சுருக்கம்கூட இல்லாத என் பேக்கிங்கை நினைத்துப் பெருமைப்பட்டேன்.

"மாமா, துடுப்பு எங்கீங்க?"

"ஊட்ல இருக்குதுங்க. புதுசு, இன்னும் கவரு பிரிக்கல."

கரையிலிருந்து அம்மா, "என்னாச்சு கண்ணு?" என்று கத்தினாள். "டெஸ்ட் பண்றோம்மா" என்றேன். மாமா இரண்டு கையாலும் படகைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நீச்ச தெரியுமுங்களா?" என்றார்.

"இல்லீங்க மாமா. உங்களுக்குங்க?"

"நானும் உங்கள நம்பித்தானுங்க வந்தேன்."

கரையிலிருந்து வீசக் கயிறு எங்கும் இல்லை. கோமதிதான் காரிலிருந்த சாம்பிள் துணி ரோலைப் பிரித்து, நுனியில் தண்ணீர் பாட்டிலைக் கட்டி வீசினாள். நான் எழுந்து நின்று ஜம்மென்று பிடித்தேன். அவள் இழுத்தாள். துணி நீண்டது, படகு அசையவில்லை. இன்னும் இழுத்தாள், இன்னும் நீண்டது. லைக்ரா! அப்புறம் அது சுருங்கியது. படகு இருந்த இடத்திலேயே இருக்க, நான் மட்டும் கிளம்பினேன். போகிற போக்கில் கைக்குச் சிக்கியதைப் பற்றினேன். சிக்கியது பாலிபேக். அது தார்தாராகக் கிழிந்து என்னோடு தண்ணீருக்குள் வந்தது.

பயத்தில் மாமா எஞ்சின் கயிற்றைச் சுண்டினார். ஒரே இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. மனுஷர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கரைக்குப் போய்விட்டார். லைக்ராவைப் பிடித்துத் தொங்கிய என்னைக் கோமதியும் அம்மாவும் இழுத்து மேலே போட்டார்கள்.

பாறையில் உட்கார்ந்து, கையிலிருந்த கிழிந்த பையைப் பார்த்தபோதுதான் புத்தி வந்தது. டேங்க் மூடியில் காற்றுப் போக ஒரு ஓட்டை இருக்கும். பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே காற்றுப் போகாவிட்டால் எஞ்சின் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். (வகுப்பில் நடத்தினார்கள். நடத்தியது மட்டும்தான் ஞாபகம்.) மாமாவின் கவர் பாதி அடைத்திருந்ததை, என் டேப் முழுசாக அடைத்துவிட்டது.

அதற்குள் மாமா தனியாக இன்னொரு சுற்றுப் போய்விட்டு வந்து கண்டுபிடிப்பை அறிவித்தார்: "தம்பி எறங்குனதும் ஓடுதுங்க." தப்பு உங்கள் கவரில் என்று எந்த மாப்பிள்ளை சொல்வான்? டேப் வேறு என்னுடையது. பையைச் சுருட்டி ஈரப் பாக்கெட்டுக்குள் திணித்தேன். சம்பந்தம் போச்சு என்று அம்மா செருப்பைத் தேட ஆரம்பித்தாள்.

மாமா மகளிடம் மெதுவாகக் கேட்டார். "என்ன கண்ணு சொல்ற?"

கோமதி லைக்ராவைப் பிழிந்துகொண்டே சொன்னாள். "இத்தன பாடுபட்டு இழுத்துப் போட்டாச்சுங்கப்பா. மறுக்கா தண்ணிக்குள்ளயா தள்ளியுடறது?"

கல்யாணம் நடந்தது. மாமா டேங்குக்குப் புதுக் கவர் வாங்கிப் போட்டார். எஞ்சின் மறுபடி நின்றது. காரணம், நான் அந்த வீட்டு மாப்பிள்ளை ஆனதுதானாம். இன்றுவரை கார் கிளம்பாவிட்டால், "மாப்ள, சித்த எறங்கிக்குங்க" என்கிறார். போன வாரம் வீட்டில் இன்டர்நெட் நின்றபோது என் மகள் வாசல் கதவைத் திறந்து என்னைப் பார்த்தாள். போய் வெளியே நின்றேன். நெட் வந்து தொலைத்தது.