மானிப்பாய் பஸ்ஸும் மொட்டை மிசியும்

யாழ்ப்பாணத்தில் ஆண்டவனுக்கு அடுத்தபடியாக மனிதர்களை மேலிருந்து பார்த்தவர் மொட்டை மிசி ஒருவர்தான். ஆண்டவன் பார்த்ததை வெளியே சொல்வதில்லை. மிசி பஸ் முழுக்கக் கேட்கச் சொல்வார்.

ஆசுப்பத்திரித் தாதிமாரை எங்கள் பக்கம் மிசி என்போம். இவர் ஓய்வு பெற்ற மிசி. ஆறடிக்கு ஒரு விரல் குறைவு. கூந்தலோ இடுப்புக்குக் கீழே. ஆகவே 'மொட்டை' என்ற பட்டம் அவருடைய தலையைக் குறித்ததல்ல, எங்களுடையதை.

எழுபதுகளின் தொடக்கத்தில் மானிப்பாயிலிருந்து பட்டினத்துக் கந்தோர் வேலைக்கு நான் பஸ்ஸில் போய்வந்தேன். அதே பஸ்ஸில் மிசியும் ஒரு பனையோலை உமலோடு ஏறுவார், சந்தைக்கென்று. அந்த உமல் நிறைந்து நான் கண்டதில்லை. யாராவது எழுந்து இடம் கொடுத்தால் அவருக்குக் கோபம் வரும்.

"இருந்தா முகம்தான் தெரியும். முகத்திலை என்ன கிடக்கு?"

நின்றால்தானே எங்கள் உச்சிகள் வரிசையாகத் தெரியும்.

கணக்கு வாத்தியார் ஒருவர் இடது காதோரம் மிஞ்சியிருந்த மயிரை வலது காதுவரை இழுத்து ஒட்டியிருப்பார். கடலுக்குக் குறுக்கே பாலம் போட்டவனுக்குக்கூட அவ்வளவு பொறுமை இருந்திராது. மிசி குனிந்து பார்த்தார்.

"வாத்தியார், உது பரம்பரை."

"இல்லை மிசி, கிணத்துத் தண்ணி சரியில்லை. உப்பு."

"அதே கிணத்திலைதானே உங்கடை மனிசியும் குளிக்கிறா? அவவின்ரை கொண்டை பூசணிக்காய் மாதிரிக் கிடக்கு. தண்ணி ஆள் பார்த்தோ வேலை செய்யுது?"

வாத்தியார் அடுத்த தரிப்பிலேயே இறங்கிவிட்டார். அவருடைய பள்ளிக்கூடம் அங்கிருந்து இரண்டு மைல்.

புடவைக்கடைக்காரர் ஒருவருக்குத் தலையில் ஐம்பது சத நாணயமளவில் ஒரு வட்டம் விழுந்தது. புழுவெட்டு என்று யாரோ சொல்ல, புழுவைக் கொல்ல ஒரு மாதமாக வெங்காயம் தேய்த்துக்கொண்டு பஸ் ஏறினார். புழுவுக்கு என்ன ஆனதோ தெரியாது, நாங்கள் செத்தோம். "உதுக்குள்ளை புழுவுமில்லை, பூச்சியுமில்லை. உடம்பு தன்ரை மயிரோடை தானே கோவிச்சுக்கொண்டு நிக்குது. கனபேருக்குத் தானாத் திரும்பி வரும்" என்று மிசி தீர்ப்புச் சொன்னார். வெங்காயம் நின்றது. பஸ் மிசிக்கு மனதாரக் கடமைப்பட்டது அன்று மட்டும்தான்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் இரட்டைப் பின்னலையும் அவர் விடவில்லை. "இப்பிடி இழுத்துக் கட்டினா நெத்தி பின்னுக்குப் போகும்" என்று றிபனை அவிழ்த்துவிடுவார். வீட்டில் ஒழுங்காகப் பின்னி அனுப்பிய பிள்ளைகள் பேய் பிடித்ததுபோல் பள்ளிக்கூடம் போய்ச் சேருவார்கள்.

இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த எனக்கும் ஒரு நாள் வந்தது.

என் தங்கைக்கு நெருப்புக்காய்ச்சல், அதுதான் டைபாய்டு, வந்து மாறி மூன்று மாதம். மாறிய பிறகுதான் வினை தொடங்கியது. சீப்பை வைத்தால் கொத்துக் கொத்தாக வந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு நல்ல சம்பந்தமும் வந்தது. கோயிலில் பெண் பார்ப்பதென்று ஏற்பாடு. அம்மா பொய்முடி வைத்துப் பின்னி, மேலே மல்லிகைப்பூவால் மூடி, தங்கையையும் என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். இரண்டு தரிப்புத் தாண்ட மாப்பிள்ளையும் அவருடைய தாயாரும் ஏறி எங்களுக்குப் பின் ஆசனத்தில் அமர்ந்தார்கள். கோயிலில் தற்செயலாகச் சந்திப்பதுபோல் நடிக்க வேண்டியவர்கள், பஸ்ஸில் உண்மையாகவே தற்செயலாகச் சந்தித்துவிட்டோம்.

நடுவில் நின்றவர் மிசி.

"பிள்ளை, உது உன்ரை முடியில்லையே! காய்ச்சல் ஏதும் வந்ததோ?"

அம்மா பல்லைக் கடித்தார். தங்கை தலை குனிந்தாள். அவளுடைய மடியில் இரண்டு சொட்டுக் கண்ணீர் விழுந்ததை நான் கண்டேன். பின்னாலிருந்து மாப்பிள்ளையின் தாயார் குரல் எழுந்தது.

"வருத்தக்காரப் பெட்டையோ? நோய் வந்ததெண்டு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே!"

மிசி எங்களை ஒருமுறை பார்த்தார், அவர்களை ஒருமுறை பார்த்தார். விஷயம் விளங்கிவிட்டது. தான் செய்த வேலையும் விளங்கியிருக்க வேண்டும். அவர் முகம் கறுத்ததை அன்றுதான் கண்டேன். பிறகு மாப்பிள்ளையிடம் திரும்பினார்.

"தம்பி, கொஞ்சம் குனியும்."

அந்த மனிதரும் சொன்னபடி குனிந்தார்.

"நெத்தி ரெண்டு பக்கமும் ஏறுது, உச்சியும் வெளிக்குது. அம்மா, உங்களைப் பெத்த ஐயாவுக்கு வழுக்கையோ?"

"ஓம்... அவருக்கு முப்பதிலையே..."

"அப்ப கேளுங்கோ. இந்தப் பிள்ளைக்குக் காய்ச்சலாலை கொட்டினது. ஆறேழு மாசத்திலை முளைச்சிடும். உங்கடை மகனுக்குப் போனது போனதுதான். இப்ப ஆர் ஆருக்கு ஒளிச்சது?"

பஸ் வெடித்துச் சிரித்தது. கொண்டக்டர் மணியடிக்க மறந்து எங்களைக் கோயிலுக்கு அப்பால் கொண்டுபோய்விட்டார். ஆனால் முதலில் சிரித்தவர் மாப்பிள்ளைதான். "மிசி சொல்லுறது சரியம்மா. சீப்பிலை நானும் ஒவ்வொரு நாளும் காணுறன்" என்றார். தங்கை நிமிர்ந்து பார்த்தாள். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவள் உதட்டோரம் அசைந்தது.

பெண் பார்க்கும் படலம் அத்தோடு முடிந்தது. கல்யாணத்தன்று தங்கைக்குச் சொந்த முடி கழுத்துவரை வளர்ந்திருந்தது. மாப்பிள்ளை தன் தலையால் மிசியின் வாக்கை ஒழுங்காகக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

மிசிக்கு அழைப்பில்லை, அம்மாவின் மானத்தில் பட்ட காயம் இன்னும் ஆறவில்லை. ஆனால் மறுநாள் அம்மாவே பலகாரங்களைப் பொதி கட்டி, "கொண்டுபோய்க் குடு. நான் தந்ததெண்டு சொல்லாதை" என்றார்.

மிசி தனியாகத்தான் இருந்தார். பொதியை வாங்கி மேசையில் வைத்தார். என் தலையைப் பார்க்கவேயில்லை.

"தங்கச்சி மணவறையிலை சிரிச்சவளோ?"

"ஓம் மிசி. படம் எடுக்கிறவர் வாயை மூடச் சொல்லுற அளவுக்கு."

"அது காணும், வேறென்ன வேணும்" என்று மறுபக்கம் திரும்பி, வீட்டிலிருந்த ஒரேயொரு கோப்பையைக் கழுவி எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றினார். சீனி போட மறந்துவிட்டார். நான் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, "நல்லாயிருக்கு மிசி" என்றேன்.