கரையான் போட்ட நட்சத்திரம்

ஒரு காட்டில், மாடுலர் கிச்சன் மோகம் புலியின் குகை வரைக்கும் போய்விட்டிருந்த காலத்தில், கோசலை என்றொரு கீரி இருந்தாள். போன அடைமழையில் அவளுடைய சமையலறை அலமாரி உளுத்து விழுந்தது. உள்ளேயிருந்த தினையும் கருவாடும் சேறாயின. நான்கு குட்டிகளில் கடைசிக் குட்டி பசியில் போயிற்று. வரும் மழையில் மற்ற மூன்றுக்கும் சோறு காக்கும் அலமாரி ஒன்று வேண்டும். வேறு ஆசை அவளுக்கு இல்லை.

அந்தக் காட்டில் மரங்களுக்குத் தரம் போடுவது கரையான்கள். மரத்தைப் பற்றி அவர்களைவிட யாருக்குத் தெரியும் என்று சிங்கம் ஒருமுறை சொல்லிவிட்டது. அதன்பின் யாரும் யோசிக்கவில்லை. கரையான்கள் ஒவ்வொரு மரத்தையும் தின்று பார்ப்பார்கள். எவ்வளவு சுலபமாகத் தொண்டையில் இறங்குகிறதோ அவ்வளவு நட்சத்திரம். மரத்தூளை அழுத்தி, மேலே பளபளவென்று தாள் ஒட்டிய பலகைக்கு ஐந்து. மாமரத்துக்கு நான்கு. தேக்குக்கு ஒன்று. வேம்புக்கு ஒன்றுமில்லை.

கோசலை மரக்கடைக்குப் போனாள். தலைமைக் கரையான் வன்மீகநாதன் நட்சத்திரப் பட்டியலை நீட்டினார்.

"அஞ்சு நட்சத்திரமே எடுத்துக்கங்கம்மா. காடே அதைத்தான் வாங்குது."

"வேம்புக்கு ஏன் ஐயா ஒண்ணுமே போடலை?"

"எங்க ஆளுங்களால வாயில வைக்க முடியலை. ரெண்டு பேருக்கு மயக்கமே வந்துடுச்சு."

"அப்ப எனக்கு அதையே குடுங்க."

வன்மீகநாதன் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "பட்டியலைத் தலைகீழா வாசிக்கிறீங்களேம்மா."

மரங்கொத்தி வந்து வேம்பில் அலமாரி செய்து கொடுத்தது. பக்கத்து வளைப் பெருச்சாளி பங்கஜம் பார்க்க வந்தாள்.

"ஏன்டி, இது அலமாரியா, வைத்தியர் வீட்டு மருந்துப் பெட்டியா? வாசல் வரைக்கும் கசப்பு வாடை. எங்க வீட்டை வந்து பாரு, பிஸ்தா கலர்ல போட்டிருக்கேன்."

"மழை வரட்டும்க்கா."

மழை வந்தது. பதினோரு நாள் விடவில்லை. ஐந்து நட்சத்திரப் பலகைகள் ஊறி, உப்பி, உதிர்ந்தன. மிச்சத்தைக் கரையான்கள் முடித்தார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை, புகழ்ந்ததைத்தான் தின்றார்கள். காட்டில் கோசலையின் குட்டிகள் மட்டும் மூன்று வேளையும் சாப்பிட்டன.

பன்னிரண்டாம் நாள் காலையில் காடே அவள் வாசலில் நின்றது. என்ன மரம், எங்கே வாங்கினாய் என்று கேட்க வந்திருக்கிறார்கள் என்றுதான் கோசலை நினைத்தாள். முன்னால் நின்ற வன்மீகநாதன் ஒரு தாளைப் பிரித்தார்.

"நட்சத்திரம் இல்லாத அலமாரியில உணவு வெச்சிருக்கீங்க. பறிமுதல் பண்ணச் சொல்லி உத்தரவு."

"ஐயா, ஒண்ணும் கெடலையே. மோந்து பாருங்க."

"கெட்டிருக்கா இல்லையான்னு நாங்கதானே சொல்லணும்."

சோதனை தொடங்கியது. பங்கஜம் கருவாட்டை மூன்று முறை சோதித்தாள். "நான் அப்பவே சொன்னேன், கசக்குது" என்றாள், வாய் நிறைய.

உச்சிவேளைக்குள் சோதனை முடிந்தது. அலமாரி ஒரு கீறலும் இல்லாமல் நின்றது. மூன்று குட்டிகளும் அதன் காலித் தட்டுகளில் ஏறி, பலகையை நக்கிப் பார்த்தன.

நீதி: சமையலறைக்கு மரம் வாங்கும்போது கரையானுக்குப் பிடித்ததையே வாங்குங்கள். எப்படியும் பட்டினிதான், வாசலில் கூட்டமாவது இருக்காது.