பெரட்டுக்கு எல்லோரும் வந்த குற்றம்

அலோர் காஜா போலீஸ் நிலையத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து நம் குடும்பத்தின் பெயரை உயர்த்தி வரும் அன்பு மாமா தங்கராஜு அவர்களின் பாதங்களுக்கு,

ஐந்தாம் வகுப்பில் படிக்கும் மருமகள் கோமளா, ஊரடங்கு நேரம் என்பதால் விளக்கைப் பிஸ்கட் டின்னுக்குள் மறைத்து வைத்துக்கொண்டு வணக்கத்துடன் எழுதுவது. அத்தையும் குழந்தைகளும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். இங்கே தோட்டத்தில் ஆண்கள் அத்தனை பேரும் நல்ல சுகம். ஒருவருக்கும் தலைவலிகூட இல்லை. அதனால்தான் நாளைக் காலை அப்பாவை லாரியில் ஏற்றி உங்கள் நிலையத்துக்குக் கொண்டு வருகிறார்கள்.

மாமா, எல்லாம் என்னால் வந்தது. பயமாக இருக்கிறது, டின்னுக்குள் வெளிச்சமும் போதவில்லை, எழுத்து கோணினால் மன்னிக்கவும். ஆனாலும் கொஞ்சம் பெருமையாகவும் இருக்கிறது, அதையும் மன்னிக்கவும். சம்பள நாளுக்கு மறுநாள் அப்பா தலையைப் பிடித்துக்கொண்டு கிடப்பது உங்களுக்குத் தெரியும். தீபாவளிக்கு மறுநாள் நீங்கள் ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு படுத்திருந்தபோது அத்தை வெயில் என்று சொன்னார்களே, அதே நோய்தான். முன்பெல்லாம் அப்படிக் கிடந்தால் அரை நாள் கூலிதான் போகும். இப்போது, விடியுமுன் பெயர் கூப்பிடும் பெரட்டில் ஆள் இல்லாவிட்டால், வேலி தாண்டிக் காட்டுக்காரக் கம்யூனிஸ்டுகளிடம் போய்விட்டான் என்று கணக்கெழுதும் கிராணி எழுதிக்கொள்கிறார். போன மாதம் அப்பா பித்தம் என்று துரையிடம் நாக்கை நீட்டிக் காட்டித்தான் தப்பித்தார். இனி நாக்கு உதவாது என்று துரை சொல்லிவிட்டாராம்.

ஆகவே நான் யோசித்தேன். மாரியம்மன் திருவிழாவில் அப்பா வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் குடித்தார், மறுநாள் விறகு பிளந்தார். சம்பள நாளில் மட்டும் ஏன் விழுகிறார்? காட்டுக்காரர்களுக்குப் போய்விடும் என்று, வேலிக்கு வெளியே ஒரு பிடி சோறுகூட எடுத்துப் போகக்கூடாது என்று சட்டம் வந்த பிறகு, காலையில் வெறும் தேத்தண்ணீரோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறார், வேலை முடிந்து நேரே கள்ளுக்கடைக்குப் போகிறார், இரவெல்லாம் எழுந்து எழுந்து தண்ணீர்ப் பானையைத் தேடுகிறார். வெறும் வயிறும் வறண்ட உடம்பும்தான் காரணம், பித்தம் இல்லை என்று நானே கண்டுபிடித்தேன். குடிக்குமுன் உப்புக் கஞ்சியும் கருவாடும், ஒவ்வொரு மங்குக் கள்ளுக்கும் பிறகு ஒரு மங்குத் தண்ணீர். இதை அடுத்த வீட்டுக் குஞ்சம்மா அக்காவிடம் மட்டும்தான் சொன்னேன். அக்காவிடம் மட்டும் சொன்னால் லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சொன்ன மாதிரி என்பது எனக்குத் தோன்றவில்லை. சம்பளத்தன்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பெண்கள் கஞ்சிச் சட்டியோடு நின்றுவிட்டார்கள்.

"என்னா குஞ்சு, கள்ளு குடிக்கப் போறவனுக்கு விருந்தா வைக்கிற?" என்றார் அவள் புருஷன் பெரியதம்பி.

"குடிச்சிட்டுப் போலாம்லா. நாளைக்குப் பெரட்டுல நீ இல்லன்னா காட்டுல இருக்கேன்னு எழுதிக்குவான். அங்க வந்து யாரு உன்ன தேடுறது? நானா?"

ஆளுக்கொரு தண்ணீர் போத்தலை இடுப்பில் கட்டிக்கொண்டு எல்லோரும் வரிசையாகக் கள்ளுக்கடைக்குப் போனார்கள். மறுநாள் பெரட்டில் ஒருவர் பாக்கியில்லை! கண் சிவக்கவில்லை, யாரும் யார் மேலும் சாயவில்லை. துரைக்கு முகம் வெளுத்துவிட்டதாம். சம்பளத்துக்கு மறுநாள் இப்படி நிற்கிறார்கள் என்றால், குடிக்காதே என்று காட்டிலிருந்து உத்தரவு வந்திருக்கிறது என்றாராம். கள்ளு சொட்டு மீதியில்லாமல் விற்றிருக்கிறது என்று கிராணி சொல்ல, அப்படியானால் இன்னும் மோசம், யாரோ பயிற்சி கொடுத்திருக்கிறார்கள் என்றாராம். யார் தலைவன் என்று கேட்டதும் பெரியதம்பி, "மருதமுத்து வீட்டுலேர்ந்துதான் சொல்லி வந்துச்சு" என்று அப்பா பெயரை உளறிவிட்டார். அப்பா என் பெயரைச் சொல்லவே இல்லை, மாமா. "ஆமா தொரை, நான்தான்" என்று முன்னால் போய் நின்றார்.

அம்மா இன்னும் அழுதுகொண்டிருக்கிறார்கள். வேலி ஓரம் காவல்காரர் நடக்கும் சத்தம் கேட்கிறது, சீக்கிரம் முடிக்கிறேன். நாளை விசாரணையில் நீங்கள்தான் மொழிபெயர்ப்பீர்கள். இது கட்சி உத்தரவு இல்லை, கஞ்சி உத்தரவு என்று நல்ல ஆங்கிலத்தில் சொல்லுங்கள். நம்பாவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள், வந்து செய்முறை சொல்கிறேன். அப்பாவுக்கு எழுத்து தெரியாது, ஆகவே இதை அவர் சட்டைப் பையிலேயே வைக்கிறேன். மாரியம்மன் உங்களையும், உங்கள் முன் வந்து நிற்கப்போகும் அப்பாவையும் சேர்த்தே காக்கட்டும். அத்தைக்கு வணக்கம், குழந்தைகளுக்கு முத்தம்.

தலைவலிக்கு மருந்து கண்ட தங்கள் மருமகள்,
கோமளா

பின்குறிப்பு: மாமா, லாரி வரவில்லை, ஆகவே இது தபாலில் வருகிறது. காலையில் அப்பாவை ஆபீசுக்குக் கூட்டிப் போனபோது, கள்ளுக்கடை நாகமுத்து ஓடிவந்து துரை காலில் விழுந்தார். "தொரை, மருதமுத்துவ விட்டுடுங்க. ரோட்டுல செக்கிங், கள்ளு பாதிதான் வந்துச்சு. மீதிக்கு நான் தண்ணி ஊத்திட்டேன்." எங்கள் கஞ்சியை நம்பாத துரை இதை உடனே நம்பிச் சிரித்துவிட்டாராம். அப்பாவை விட்டுவிட்டார்கள். நாகமுத்துவுக்குத் தண்டனையாக இன்று எல்லோருக்கும் நல்ல கள்ளு இலவசமாம். "போச்சே, உன் வைத்தியமெல்லாம் வெறும் தண்ணிதானாடி!" என்று குஞ்சம்மா அக்கா லயமே கேட்கச் சிரித்தாள். நான் கதவுக்குப் பின்னால் போய் அழுதேன். சாயங்காலம் அப்பா சட்டை போட்டுக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"கோமு, கஞ்சி இருக்கா?"

"அன்னிக்கு அது தண்ணிக் கள்ளுப்பா. என் கஞ்சி ஒண்ணும் பண்ணல."

"தெரியும். நீ ஊத்து."

மாமா, அப்பா மூன்று மங்குக் கஞ்சி குடித்தார். வயிற்றைத் தடவிப் பார்த்து, இனி கள்ளுக்கு ஒரு மங்கு இடம்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். வெளிச்சம் இருக்கும்போதே திரும்பி வந்துவிட்டார்.