வெருளியின் சட்டைப்பையில் ஐந்து ஓட்டைகள்

குரங்கு விரட்டச் சுடும் துவக்கின் தொலைநோக்கியைத் திருகிவிட்டது என் மச்சான் தவராசா. வேறு யாரும் இல்லை. இதை அவனுடைய முற்றத்தில் வைத்துச் சொன்னேன். கிளிவெட்டியில் பஸ்ஸுக்கு நின்ற சனத்துக்கு முன்னால் சொன்னேன். என் அம்மாவுக்கு முன்னால், அதாவது அவனுடைய மாமியாருக்கு முன்னாலும் சொன்னேன். ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டு ஒரே பதிலைத்தான் சொல்கிறான்: "மச்சான், முதல்ல சாப்பிடுங்கோ." அதனால் எழுதுகிறேன். எழுத்துக்கு முன்னால் யாரும் சோற்றுக் கோப்பையை நீட்ட முடியாது.

(அவன் என்று எழுதாமல் அவர் என்று எழுதச் சொல்லி மனைவி பக்கத்தில் நிற்கிறாள். தங்கச்சியின் புருஷனுக்கு மரியாதை வேண்டுமாம். அவன் முதலில் பதில் சொல்லட்டும். 'அவர்' தானாக வரும்.)

நான் திருகோணமலை நகரத்தில், துறைமுகப் பக்கம், படகு எஞ்சின் திருத்துகிறவன். உப்புப் பிடித்து இறுகிய நட்டுகளோடு காலம் முழுக்கச் சண்டை பிடித்த கை இது. கோபமும் கொஞ்சம் கூட. எஞ்சினைக் கொண்டுவருகிறவர்கள் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில், "இண்டைக்கு ஆள் எப்பிடி?" என்று விசாரித்துவிட்டுத்தான் கடைக்குள் வருவார்கள். இப்படிப்பட்டவனை, நிதானத்தைத் தவிர வேறு ஒன்றுமே தேவைப்படாத ஒரு வேலைக்குக் கூப்பிட்டவள் என் தங்கச்சி சாந்தி.

சாந்தி தவராசாவைக் கட்டிக்கொண்டு கிளிவெட்டியில் இருக்கிறாள். நெல் வயலுக்கு அப்பால், பற்றைக் காட்டை ஒட்டி, சோளம் போட்டிருந்தாள். பொத்தி முற்றும் நேரம் பார்த்துக் குரங்குகள் குடும்பம் குடும்பமாக வந்தன. வைக்கோல் அடைத்து ஒரு வெருளி கட்டி நிறுத்தினாள். அதற்குப் போட்டது என்னுடைய கலியாணச் சட்டை. என்னிடம் கேட்கவில்லை.

"உங்கட முகத்தை நினைச்சுத்தான் அண்ணா கட்டினனான். அதுகள் பயப்படும் எண்டு."

குரங்குகள் வெருளியின் தோளில் இருந்து சோளம் தின்றன. பட்டாசு கொளுத்தினாள். முதல் கிழமை ஓடின. அடுத்த கிழமை, வெடிக்கிற ஆள் தூரத்தில்தான் நிற்கிறார் என்று கண்டு, திரும்பியும் பார்க்காமல் தின்றன.

இந்த நேரத்தில்தான் ஊரில் பயிர் செய்கிறவர்களின் கமக்காரர் சங்கத்துக்கு அனுமதியோடு ஒரு காற்றுத் துவக்கு வந்தது. மேலே தொலைநோக்கி பூட்டியது. ஊரில் எல்லாரும் அதைத் தூக்கிக் குரங்கைக் குறி பார்த்தார்கள். ஒன்றிலும் படவில்லை. சாந்தி மட்டும் வேறு மாதிரி யோசித்தாள். பால்மா டின்களின் தகர மூடிகளைத் தோட்டத்தின் எல்லையில் மரம் மரமாகத் தொங்கவிட்டாள். தூரத்துக் கொட்டிலில் இருந்துகொண்டு மூடியைச் சுட்டாள். ஆளே இல்லாத இடத்தில், காதுக்குப் பக்கத்தில், தகரம் தானாகக் கத்தினால் எந்தக் குரங்கும் பொத்தியைப் போட்டுவிட்டு ஓடும்.

"அதுகளைச் சுட்டு என்ன பிரயோசனம்? அதுகளுக்கும் பசிதானே. சத்தம் போதும்" என்றாள். சொல்வது சுலபம். அறுபது மீற்றருக்கு அப்பால் ஒரு மூடியை ஒருமுறை அடிப்பது அதிர்ஷ்டம். கேட்ட நேரமெல்லாம் அடிப்பது என்ன என்பதை அவளிடம்தான் பார்த்தேன்.

குண்டுகளைப் பீங்கானில் கொட்டி ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்ப்பாள். பின்பக்க விளிம்பு நெளிந்தது ஒதுங்கிவிடும். மிச்சத்தை அலுமாரிக் கண்ணாடியைக் கழற்றி வைத்து அதன்மேல் உருட்டுவாள். கோணி உருள்கிறதும் ஒதுங்கிவிடும். துவக்கின் அடிக்கட்டையில் கன்னம் வைக்கும் இடத்தில் ஒரு பிளாஸ்டர் துண்டு ஒட்டியிருந்தாள். ஒவ்வொரு தடவையும் கன்னம் அதே இடத்துக்குத்தான் வர வேண்டும். பாதி வழியில் ஒரு தடி நட்டு, அதில் சீலைக் கரையைக் கிழித்துக் கட்டியிருந்தாள். காற்று நின்று அது படுத்தால்தான் சுடுவாள். கச்சான் என்கிற வறண்ட காற்று வீசும் மாதத்தில், அந்தச் சூட்டில், ஒரு சீலைத் துண்டு அடங்கும்வரை கால் மணித்தியாலம் ஆடாமல் இருப்பாள். நான் ஒரு பிளக்கைக் கழற்றும் நேரம்கூடப் பொறுமையாக இருந்ததில்லை. என் தாய் வயிற்றில்தான் இவளும் பிறந்தாளா என்று யோசித்தேன்.

துவக்கு ஒன்று, தோட்டங்கள் பல. முறை வைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். சண்டை வந்தது. கடைசியில் சங்கம் ஒரு போட்டி வைத்தது. ஆளுக்கு ஐந்து வெடி. கூடுதலாகச் சத்தம் எழுப்புகிறவரின் வீட்டில்தான் போகம் முடியும்வரை துவக்கு. வாய்க்காலுக்கு இந்தப் பக்கத்துக்குச் சாந்தி. அந்தப் பக்கத்துக்கு, மூதூரில் இருந்து வந்து அங்கே சோளம் செய்யும் நசீர் நானா. சாந்தி தோற்றால் சோளம் குரங்குக்கு. அவ்வளவுதான் கதை.

போட்டிக்கு மூன்று கிழமை இருக்கும்போது அவள் வரம்பில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். கூடப் பிறந்தவர் அவளுக்குப் பதிலாகச் சுடலாம் என்று சங்கம் சொன்னது. கூடப் பிறந்தவன் நான் ஒருத்தன்தான்.

கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். முதல் வெடி. மூடி 'டாங்' என்றது. எழும்பி நின்று, "பார்த்தியா? இது என்ன பெரிய வித்தை?" என்று கேட்டேன். (கேட்டிருக்கக் கூடாது.) அடுத்த இருபதில் ஒன்றுகூடப் படவில்லை. ஒன்று வாய்க்காலில் விழுந்தது. ஒன்று எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது.

"அண்ணா, உங்கட கை என்ன குறடோ? ஏன் அதை நெரிக்கிறீங்கள்?"

"இறுக்கிப் பிடிச்சாத்தானே ஆடாது?"

"இது ஸ்பிரிங் துவக்கு. சுடேக்க அது முன்னும் பின்னும் துள்ளும். துள்ள விடுங்கோ. உள்ளங்கையை விரிச்சுக் குழந்தையைப் போல ஏந்துங்கோ. நீங்கள் ஒருக்கா ஒரு மாதிரி நெரிச்சா, அது ஒருக்கா ஒரு பக்கம் போகும்."

"எனக்கு மெல்லப் பிடிக்க ஏலாது."

"அப்ப குரங்கோட போய் இருந்து சோளம் தின்னுங்கோ."

துவக்கு முறைப்படி அடுத்த வீட்டுக்குப் போனதும் நான் நகரத்துக்குத் திரும்பி விளக்குமாற்றோடு பழகினேன். கதிரையில் இருந்து, விளக்குமாற்றை உள்ளங்கையில் ஏந்தி, கன்னம் வைத்து, மூச்சைப் பாதி விட்டு, விரல் நுனியை மெல்ல இழுப்பேன். மனைவி கூட்டுவதற்குக் கேட்டால், "பொறு, இன்னும் சுடேல்லை" என்பேன். பக்கத்து வீட்டுக்காரர் மதிலால் எட்டிப் பார்த்துவிட்டு, அன்றிலிருந்து என்னோடு மிகவும் அன்பாகக் கதைக்கத் தொடங்கினார்.

போட்டிக்கு முதல் நாள் சாந்தி கடைசிக் கட்டளைகளைச் சொன்னாள். மூடியையும் அதன்மேல் நிற்கும் கோட்டையும் தவிர எதையும் பார்க்கக் கூடாது. சுட்ட பிறகு தலையைத் தூக்கக் கூடாது. "படேல்லை எண்டாலும் கோபம் வரக் கூடாது. இடையில ஒண்டையும் மாத்தக் கூடாது. அஞ்சும் ஒரே மாதிரி. விளங்கிச்சோ?" பிறகு தொலைநோக்கியைக் காட்டினாள். அதில் குறியைப் பக்கவாட்டில் நகர்த்த ஒரு திருகி. அதன்மேல் ஒரு சின்ன மூடி. திருகியிலும் குழாயிலும் சேர்ந்தாற்போல் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டிருந்தாள். "சுட முதல் இந்த மூடியைக் கழட்டிப் பாருங்கோ. கோடு நேரா இருக்க வேணும்."

"ஓம், ஓம்" என்றேன்.

அன்றைக்கு ஊர் முழுக்க வந்திருந்தது. ஒலிபெருக்கி, கொட்டகை, சர்பத். உயர்ந்த மண்கட்டு ஒன்றுக்கு முன்னால், ஆள் போகாத பக்கமாகக் குறியைத் தொங்கவிட ஒரு தடி தேடினார்கள். சங்கத் தலைவர், "அந்த வெருளியைக் கொண்டாங்கோ, அது சும்மாதானே கையை நீட்டிக்கொண்டு நிக்குது" என்றார். என் கலியாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கையில் மூடியோடு, வெருளி என்னைப் பார்த்து நின்றது.

நசீர் நானா முதலில் சுட்டார். இரண்டு சத்தம். மூன்று மண்ணில். பிறகு தேத்தண்ணிக்கு நிறுத்தினார்கள். மருத மரத்தடியில் பாயில் துவக்கு கிடந்தது. தவராசா, "தூசி படும், நான் துடைச்சு வைக்கிறன்" என்று போனான். அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். அவன் தன் மோட்டார் சைக்கிளையே துடைக்காதவன்.

என் பெயரைச் சொன்னார்கள். கை தட்டினார்கள். நான் சிவப்புக் கோட்டைப் பார்த்தேனா? இல்லை. சனத்துக்குக் கை காட்டிக்கொண்டிருந்தேன்.

முதல் வெடி. சத்தமில்லை. தலையைத் தூக்கவில்லை. இரண்டாவது. சத்தமில்லை. "அண்ணை, ஏன் உங்களையே சுடுறீங்கள்?" என்று யாரோ கத்தினார்கள். நக்கல் என்று நினைத்தேன். மூன்றாவதில் கொட்டகை முழுக்கச் சிரித்தது. வேறு நாளாக இருந்தால் துவக்கை வீசிவிட்டுச் சிரித்தவனைத் தேடிப் போயிருப்பேன். அன்றைக்குப் போகவில்லை. அஞ்சும் ஒரே மாதிரி என்று தங்கச்சி சொன்னாள். உள்ளங்கை விரித்தேன், கன்னம் பிளாஸ்டரில், பாதி மூச்சு, பாதி வழியில் சாந்தி கொண்டுவந்து நட்ட தடியில் சீலைத் துண்டு அடங்கும்வரை காத்திருந்தேன். நான்காவது. ஐந்தாவது. என் வாழ்க்கையிலேயே நான் கோபப்படாமல் முடித்த ஒரே காரியம் இதுதான்.

எழும்பிப் பார்த்தேன். மூடி அசையாமல் தொங்கியது. வெருளியின் நெஞ்சில் வைக்கோல் பிதுங்கியது. ஐந்தும் என் கலியாணச் சட்டையின் பையில்.

சுடுகிறவரோடு வீட்டார் கதைக்கக் கூடாது என்பது விதி. முதல் வெடியிலேயே கண்டுகொண்ட சாந்தி, வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறாள். இப்போது ஓடிப் போய், ஒற்றைக் கையால் சட்டையை உரிந்துகொண்டு வந்து, தலைவரின் மேசையில் விரித்து, ஓட்டைகளின் மேல் ஒரு தேத்தண்ணிக் கோப்பையைக் கவிழ்த்தாள். ஐந்து ஓட்டையும் கோப்பைக்குள் மறைந்தன.

"பார்த்தியளோ? அஞ்சும் ஒரே இடம். இதைவிட ஆர் சுடுறது? ஆள் பிழை இல்லை, குறிதான் விலகியிருக்கு."

"பிள்ளை, சத்தம் கேட்டாத்தான் கணக்கு" என்றார் தலைவர்.

நசீர் நானா சட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "எண்ட ரெண்டும் அதிர்ஷ்டம். ஒங்கட அஞ்சும் வேல" என்று எனக்குக் கை தந்தார். வென்றவன் தோற்றவனுக்குச் சொல்லும் ஆறுதல் இல்லை அது. அந்த மனிதர் மெய்யாகத்தான் சொன்னார். ஆனாலும் துவக்கு அவர் வீட்டுக்குத்தான் போனது.

போக முதல் சாந்தி திருகியின் மூடியைக் கழற்றினாள். சிவப்புக் கோடு எங்கேயோ போயிருந்தது. மூடியின் ஓரத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு விரல் அடையாளம். அவள் மூக்குக்குக் கிட்டக் கொண்டு போனாள். மஞ்சளும் மிளகாய்த் தூளும். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"வீட்ட வாங்கோ" என்றாள்.

"குரங்கு திருகியிருக்கும்" என்றான் தவராசா.

எந்தக் குரங்கு மீனுக்கு மஞ்சள் தடவிவிட்டு வந்து தொலைநோக்கி திருகும்? காரணம் எனக்குத் தெரியும். சாந்தி துவக்கைத் தூக்கிய நாளில் இருந்து குசினி அவன் தலையில். "விடிஞ்சா அவ கொட்டிலுக்கு, நான் அடுப்புக்கு" என்று என்னிடமே அழுதவன் அவன். துவக்கு வாய்க்காலைத் தாண்டிப் போனால் பெண்சாதி குசினிக்கு வருவாள் என்று கணக்குப் போட்டான். (நண்டுக் கறி நன்றாகத்தான் வைக்கிறான். அது வேறு விஷயம்.)

கணக்குப் பிழைத்தது. சில கிழமையில் நசீர் நானா வாசலில் வந்து நின்றார். "தங்கச்சி, துவக்கு எண்ட ஊட்டில தூங்குது. எண்ட பக்கச் சோளமும் போகுது, ஒண்ட பக்கச் சோளமும் போகுது. நீ வந்து சுடு புள்ள." துவக்கு அந்தப் பக்கத்தை விட்டு வரக் கூடாது என்பதால், கைக்கட்டு அவிழ்த்த மறுநாளே சாந்தி வாய்க்காலைக் கடந்தாள். அவருடைய கொட்டிலில் இருந்து இவளுடைய எல்லை மூடிகள் நூறு மீற்றருக்குக் கிட்ட. அவ்வளவு தூரத்தில் குண்டு களைத்து விழும். மூடிக்கு மேலே வெறும் வானத்தைக் குறி வைக்க வேண்டும். எவ்வளவு மேலே என்று கண்டுபிடிக்க அவளுக்கு நாட்கள் எடுத்தன. பிறகு ஒருநாள் விடியற்காலை, காற்று எழும்ப முதல், நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். வெடிக்கும் சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு தூரத்தில், மெல்லிசாக, 'டாங்'. மறுபடியும். மறுபடியும். மறுபடியும். குரங்குகள் காட்டுக்குள் பாய்ந்தன. நசீர் நானாவின் மனைவி தேத்தண்ணிக் கோப்பையை நீட்டியபடி அசையாமல் நின்றார். நான் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தேன். கச்சான் காற்றுத் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

இரண்டு பக்கச் சோளமும் தப்பியது. தவராசா இன்னும் சமைக்கிறான், முன்னைவிட ஒரு மணித்தியாலம் முந்தி எழும்பி.

எங்கள் வீட்டில் இப்போது எது பிழைத்தாலும் ஒரே பதில்தான். கறியில் உப்புக் கூடினால் குரங்கு திருகிச்சு. பஸ் தவறினால் குரங்கு திருகிச்சு. என் கடைக்கு வருகிறவர்களும் இப்போது, "அண்ணை, எஞ்சினைக் குரங்கு திருகிப்போட்டுது" என்றுதான் கொண்டுவருகிறார்கள். நான் சட்டைப்பையில் கை வைத்தால் என் மனைவி, "கவனம், ஓட்டை" என்கிறாள். சட்டை திரும்ப வெருளிக்கே போய்விட்டது. பை றோட்டுப் பக்கம் பார்க்கும்படி நிறுத்தியிருக்கிறார்கள்.

ஆகவே தவராசா, கேள். அடுத்த சங்கக் கூட்டத்துக்கு நானும் வருகிறேன். தலைவர் ஒலிவாங்கியைத் தருவார், கேட்டுவிட்டேன். எல்லாருக்கும் முன்னால் எழும்பி நின்று சொல். திருகியது நீயா, குரங்கா? ஓம் என்றால் ஓம். இல்லை என்றால் இல்லை. 'சாப்பிடுங்கோ' என்பது பதில் இல்லை.