வேற்றுகிரகவாசிக்கு மட்டும் விலக்கு

மனிதன் முதன்முதலாக நிலவில் இறங்கியபோது அங்கே தங்கியது இருபத்தொரு மணி முப்பத்தாறு நிமிடம். கான்பூரில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஞாயிறு மதியங்களில் டிவி முன்னால் அதைவிட அதிக நேரம் விண்வெளியில் கழித்தவர்கள் அவர்கள், அதுவும் ஹிந்தியில்.

இந்த விண்வெளி வீரர்களுள் தலையாயவர் செயின்ட் நியூட்டன் பள்ளியின் டைரக்டர் விபின் கட்டியார். ஹிந்தியில் டப் செய்த பழைய ஹாலிவுட் அறிவியல் புனைவுப் படங்களைப் போற்றிப் பாதுகாக்க ஒரு மன்றமே நிறுவியிருந்தார். முதல் விழா சனிக்கிழமை மாலை, பள்ளி அரங்கில். படம், ‘ஆகாயத்தின் கொலைகார விருந்தாளி’. ஆங்கிலத்தில் அதற்கு என்ன பெயர் என்று மன்றத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்வது துரோகம்.

பள்ளி வளாகத்தில் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக் கூடாது என்பது விதி. ஆகவே முறைப்படி சுற்றறிக்கை வந்தது: ‘திரையில் தோன்றும் விஞ்ஞானிகள், ராணுவத்தினர், வேற்றுகிரகவாசிகள் ஆகியோருக்கு மட்டும் இரண்டு மணி நேர விலக்கு அளிக்கப்படுகிறது. பார்வையாளர்களுக்கு இது பொருந்தாது.’

நன்றியுரை இயற்பியல் ஆசிரியை வர்த்திகா நிகமுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. நான்கு பேர் கூடினாலே குரல் உள்ளே போய்விடும் பெண். அவளுடைய ஒரு வருடத் தற்காலிகப் பணி முடிந்துவிட்டது. வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவை மட்டும் டைரக்டர் நிறுத்தி வைத்திருந்தார். காரணம், ‘கடும் ஒழுங்கு மீறல்’. என்ன மீறல் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பள்ளியின் மானம் இருக்கிறதே! வேலை போனால் அவள் சொந்த ஊரான உன்னாவுக்குத் திரும்ப வேண்டும். அங்கே அப்பா மூன்று மாப்பிள்ளைகளைத் தயாராக வைத்திருந்தார்.

விழாவுக்குச் சற்று முன், கணக்கு ஆசிரியை ஷாலினி அவஸ்தி அவளைக் கழிவறைக்குள் இழுத்துப் போய், குழாயைத் திறந்துவிட்டு, சட்ட விரோதமாக ஹிந்தியில் பேசினாள்.

“ஏண்டி, படம் முடியறப்ப அவரு அழுதுட்டிருப்பாரு. அந்த ஈரத்துலயே மன்னிப்பு கேட்டுடு.”

“நான் என்ன தப்பு பண்ணேன், தீதி?”

“தப்பு பண்ணாத்தான் மன்னிப்பு கேக்கணுமா? வேலைல புதுசு நீ, அதான் தெரியல.”

படம் தொடங்கியது. மூன்று கண்ணுள்ள பச்சை ஜீவன் ஒன்று, பான் கடைக்காரர் குரலில் அமெரிக்க ராணுவத்தையே அதட்டியது: “டேய், உங்கம்மா பால் குடிச்சு வளர்ந்தவனா இருந்தா வெளிய வாடா!” ஒவ்வொரு வசனத்துக்கும் டைரக்டர் அரை நொடி முன்னதாகவே உதடசைத்தார். அது ஹிந்தி உதடசைவு என்பதை, மொழி விதியை மீறுபவர்களைக் குறித்துக்கொள்ளும் கண்காணிப்பாளர் பார்த்தார். பார்க்காததாகப் பதிவு செய்துகொண்டார்.

கடைசியில் அந்த ஜீவன் ஒரு விஞ்ஞானியைத் தலைகீழாகத் தொங்கவிட்டுப் பாடம் நடத்தியது. “ஏன்டா கல்லு கீழ விழுது? பூமி இழுக்குதுடா, மண்டு! நீயும் பூமிய இழுக்கற. உன் சைஸுக்கு அது அசையுமா?”

டைரக்டர் கைக்குட்டையை எடுத்தார். படம் அந்தக் காட்சியில் நிறுத்தப்பட்டது. அவர் விதிப்படி ஆங்கிலத்தில் உணர்ச்சிவசப்பட்டார்.

“எட்டாங் கிளாஸ்ல எனக்குப் புவியீர்ப்புன்னா ஒரு எழவும் புரியல. வாத்தியார் ஒரு வருஷம் இங்கிலீஷ்ல கத்தினாரு. இந்தப் பச்சைத் தலையன் நம்ம பேச்சுல ஒரு தடவ சொன்னான், பளிச்சுனு புரிஞ்சுது. அவன்தான் எனக்கு குரு!”

“குரு என்ன சார், சாமி!” என்றார் மன்றச் செயலாளர் பாஜ்பாய். அரங்கம் ஆங்கிலத்தில் கைதட்டியது.

டைரக்டர் மூக்கைச் சிந்திவிட்டு, பெருந்தன்மையின் உச்சிக்குப் போனார்.

“நல்ல நாளு இன்னிக்கு. வர்த்திகா மேடம், நீங்க செஞ்ச தப்ப எல்லார் முன்னாடியும் சொல்லி மன்னிப்பு கேளுங்க. இங்கயே கையெழுத்து போடறேன்.”

முதல் வரிசையிலிருந்து ஷாலினி கண்ணாலேயே கெஞ்சினாள். வர்த்திகா மைக்கைப் பிடித்தாள். ஆங்கிலத்தில் அழகான மன்னிப்பு ஒன்றை மனப்பாடம் செய்து வந்திருந்தாள். வாயில் வந்தது ஹிந்தி.

“அவரு செஞ்சதத்தான் சார் நானும் செஞ்சேன்.” திரையில் உறைந்து நின்ற வேற்றுகிரகவாசியைக் காட்டினாள். “எட்டாங் கிளாஸுக்குப் புவியீர்ப்ப ஹிந்தியில சொல்லிக்கொடுத்தேன்.”