கோட்டுக்குப் பத்தடி முன்னால்

முடிவுக் கோட்டுக்குப் பத்தடி முன்னால் ஐந்து வண்டிகளும் நின்றுகொண்டிருந்தன.

கடைசியாக வந்த ஆர்வில், மஞ்சள் பிக்கப்பிலிருந்து குதித்து இறங்கினார். பாதையில் யாராவது மாட்டிக்கொண்டால் இழுத்து வர, மூன்று சுற்றும் அவர் பந்தயக்காரர்களுக்குப் பின்னாலேயே ஓட்டி வந்திருந்தார்.

"என்ன ஆச்சு சூயி?"

"எஞ்சின் சூடாயிடுச்சு."

"உனக்கு என்னம்மா பெக்கி?"

"கிளட்ச் பிடிக்கலே."

"வெஸ், உனக்கு?"

"பசி," என்றான் வெஸ், வாயில் பரீட்டோவோடு.

ஆர்வில்லுக்கு விஷயம் புரிந்தது. எல்லாம் அந்த விதி செய்கிற வேலை. ஜெயித்த வண்டியை யார் வேண்டுமானாலும் ஆயிரத்து ஐந்நூறு டாலர் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். சொந்தக்காரர் மறுக்கக் கூடாது. அப்போதுதான் யாரும் வண்டியில் பணத்தைக் கொட்ட மாட்டார்கள், பந்தயம் ஏழைக்கும் எட்டும் என்பது அவர் மனைவி ரேலீனின் கணக்கு. "காசு இருக்கிறவன்தான் இந்த மொஹாவிப் பாலைவனத்திலே புழுதி கிளப்பணுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். போன குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள். இன்ஷூரன்ஸ்காரர்களிடமும், பாலைவன ஆமைகளுக்குக் காவல் நிற்கும் நில அலுவலகத்திடமும் ஆர்வில்தான் மல்லுக்கட்டி, அவள் நடத்த நினைத்த பந்தயத்தை முதல்முறையாக இந்த வறண்ட ஏரிவரை கொண்டுவந்து சேர்த்தார்.

இப்போது ஜெயிக்க ஆளில்லை.

நில அலுவலக அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "மிஸ்டர் ஆர்வில், மத்தியானத்துக்குள்ள ஒரு வண்டியாவது கோட்டைத் தாண்டணும். இல்லேன்னா பந்தயமே நடக்கலேன்னுதான் எழுதுவேன். அடுத்த வருஷம் அனுமதி கிடையாது."

ஆர்வில் ஒலிபெருக்கியைப் பிடுங்கினார். "ஜெயிக்கிறவங்களுக்கு என் கையாலே சமைச்ச பீன்ஸ் குழம்பு, ஒரு பானை!"

சூயியின் வண்டி இரண்டடி பின்னால் போயிற்று.

"எஞ்சின் சூடுன்னியே!"

"பின்னாலே போறதுக்கு மட்டும் ஆறிடுச்சு."

ஆர்வில்லுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "சரி, கேட்டுக்குங்க! முதல் வண்டி மட்டுமில்லே, இனிமே கடைசி வண்டியையும் யார் வேணா வாங்கிக்கலாம்!"

பெக்கியின் கிளட்ச் உடனே குணமாயிற்று. வெஸ் பரீட்டோவைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். முன்னே, பின்னே, முன்னே என்று ஒரே உறுமல். புழுதி அடங்கியபோது, ஐந்து வண்டிகளும் மூக்குக்கு மூக்கு ஒரே வரிசையில் நின்றன. முதலும் இல்லை, கடைசியும் இல்லை. கோடு மட்டும் முப்பதடி தள்ளிப் போயிருந்தது.

ஆம்புலன்ஸ் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த மார்வெல்லா ஐஸ் டீயை உறிஞ்சினாள். "உங்க வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்தா, பத்தடியிலே முடிஞ்சிருக்கும்."

"நீ பேசாம இரு."

ஆர்வில்லுக்கு ஒரு பழக்கம் உண்டு. பாலைவனத்தில் வண்டி நின்றால் அவர் காரணம் கேட்பதில்லை, கட்டி இழுப்பார். இன்று கேட்டதே அதிகம். பிக்கப்பை சூயிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, இழுவைப் பட்டையை எடுத்தார்.

"இழுத்தாவது உன்னைத் தாண்ட வைக்கிறேன்."

"வேண்டாம் ஆர்வில்," என்று சுரத்தில்லாமல் சொன்ன சூயி, பட்டையைத் தானே வாங்கிக்கொண்டான். "சரி விடுங்க, பம்பர்லயே மாட்டுறேன். கொக்கி துருப்பிடிச்சுக் கிடக்கு."

ஆர்வில் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். வண்டி துள்ளியது. இவ்வளவு லேசாக வருகிறானே என்று அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் கோடு கடந்துவிட்டது. பின்னால் சூயியின் பம்பர் மட்டும் குதித்துக் குதித்து வந்துகொண்டிருந்தது. சூயியின் வண்டி நின்ற இடத்தில் நின்றது.

மார்வெல்லா எங்கிருந்தோ கட்டம் போட்ட கொடியை எடுத்து ஆட்டினாள்.

"மூணு சுற்றும் ஓடின வண்டி. கதவிலே எண் ஏழும் இருக்கு," என்றார் அதிகாரி. "எனக்கு இது போதும். ஜெயிச்சது நீங்கதான்."

ஏழு ரேலீனின் எண். வண்டியும் அவளுடையதுதான். பதினெட்டு வருஷம் இதே ஏரியில் மற்றவர்கள் நடத்திய பந்தயங்களில் ஓட்டியும், கோட்டை முதலாவதாகத் தாண்ட அவளுக்கு ஒருமுறைகூட வாய்க்கவில்லை.

ஆர்வில் இறங்கவில்லை. இருக்கையின் கிழிசலில் ரேலீன் ஒட்டிவைத்த டேப்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார். விதி அவளுடையது. வண்டியும் அவளுடையது. ஒன்றைக் காப்பாற்ற வேண்டுமென்றால் மற்றதை விட்டாக வேண்டும். கடைசியில் இறங்கி, சாவியை உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"விதின்னா விதிதான். யாருக்கு வேணும்?"

சூயி வானத்தைப் பார்த்தான். வெஸ் கீழே போட்ட பரீட்டோவைத் தேடினான். பெக்கி தொண்டையைச் செருமினாள்.

"அந்த ஓட்டை வண்டி யாருக்கு வேணும் ஆர்வில்? டாஷ்போர்டெல்லாம் எலி கடிச்சு வச்சிருக்கு."

மற்ற நால்வரும் வேகமாகத் தலையாட்டினார்கள். ஆர்வில் மூக்கை உறிஞ்சினார். புழுதி என்று யாரும் கேட்காமலே சொன்னார். சாவி பைக்குள் போயிற்று. பிறகுதான் காலடியில் கிடந்த பம்பர் ஞாபகம் வந்தது.

"மன்னிச்சுக்கப்பா சூயி. நாளைக்கே வெல்டு வச்சுத் தர்றேன்." குனிந்து பார்த்தவர் நெற்றியைச் சுருக்கினார். "என்னடா இது, எங்கேயும் உடையவே இல்லையே?"

மார்வெல்லா சட்டைப் பையைத் துழாவி, நாலு போல்ட்டை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"காலையிலே நீங்க கொடி நடப் போனதும் கழட்டிட்டு மெல்லிசு கம்பியாலே கட்டி வச்சோம், முதல் பந்தயத்திலே ரேலீன் வண்டிதான் ஜெயிக்கணும்னு இதுங்க அஞ்சும் பிடிவாதமா நின்னுதுங்க."