பதினான்கு நாள் விதியும் பதினெட்டுச் செவ்வந்தியும்

மண்டப விதி ஒன்பது: 'மண்டபத்தில் வைக்கப்பட்டிருக்கும் எந்தப் பொருளையும், அதை வைத்தவரின் அனுமதியின்றி மற்றவர் தொடக் கூடாது.'

இந்த விதி எனக்குத் தெரியாது என்று நான் தப்பித்துக்கொள்ள முடியாது. அதைத் தமிழில் மொழிபெயர்த்து, கொட்டை எழுத்தில் எழுதி, கிளென் ஈடன் ஊர்ப் பொது மண்டபத்தின் சமையலறைக் கதவில் ஒட்டியவனே நான்தான். (எங்கள் தமிழ்ச் சங்க ஆட்கள் கம்பளிப் பின்னல் வகுப்புக்காரரின் சீனிப் போத்தலைக் காலி செய்கிறார்கள் என்று முறைப்பாடு வந்திருந்தது.)

ஆனால் தொண்ணூற்றாறாம் ஆண்டு மே மாதத்து முதல் சனிக்கிழமை நான் அந்த விதியைப் பின்பற்றவில்லை. வேறொரு விதியைப் பின்பற்றினேன். எந்த விதியையும் மதிக்காதவன் ஏதோ ஒரு பாவம் செய்து முடித்துவிடுவான். விதி தெரிந்தவன் செய்கிற பாவத்துக்குக் கோப்பும் பிரதியும் இருக்கும்.

அந்த வேறொரு விதி என்னவென்று சொல்லிவிடுகிறேன். இலங்கையில் பதினாறு வருடம் ஓர் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞனாக இருந்தேன். அங்கே என் மேலதிகாரி ஒரு நடைமுறை வைத்திருந்தார். கடிதம் அனுப்பிப் பதினான்கு நாட்களுக்குள் மறுப்பு வராவிட்டால், ஆட்சேபணை இல்லை என்று கொள்ளலாம். எங்கள் மாவட்டத்தில் யாருமே பதினான்கு நாட்களுக்குள் பதில் போட்டதில்லை. ஆகவே கிணறு, மதகு, பள்ளிக்கூடக் கூரை எல்லாமே ஆட்சேபணை இல்லாமல் நடந்தன. உலகம் முழுவதும் இப்படித்தான் இயங்குகிறது என்று நம்பிக்கொண்டு நியூசிலாந்துக்கு வந்து சேர்ந்தேன்.

அப்போது நான் எங்கள் சிறிய தமிழ்ச் சங்கத்தின் செயலாளர். வயது நாற்பத்தாறு. சனிக்கிழமைகளில் முப்பத்திரண்டு பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்தினோம். அதற்கு முன் இரண்டு மண்டபங்களை இழந்திருந்தோம். முதலாவது, காய்ந்த செத்தல் மிளகாய் தாளித்தபோது புகை எச்சரிக்கை மணி அடித்து, தீயணைப்பு வண்டி வந்ததால். இரண்டாவது, பக்கத்து அறையில் தியானம் நடக்கும் நேரத்தில் எங்கள் மிருதங்க வகுப்பு நடந்ததால். மூன்றாவது மண்டபம்தான் இது. மண்டபக் குழுவின் தலைவர் ஹார்வி என்ற ஓய்வுபெற்ற தச்சர். நெடிய மனிதர். ஒரு வாக்கியத்தில் நாலு சொல்லுக்கு மேல் செலவழிக்க மாட்டார். "இலையுதிர்கால நிகழ்ச்சிகள் முடியட்டும். நீங்கள் எப்படி என்று பார்த்துவிட்டுச் சொல்கிறோம்" என்று அவர் ஒருமுறை சொன்னதை, அவருடைய வாழ்நாள் உரை என்றே நினைத்தேன். இதுவும் போனால் வகுப்பை யாருடைய கார்க் கொட்டகையிலாவது நடத்த வேண்டியதுதான்.

அந்த இலையுதிர்கால நிகழ்ச்சிகளுக்கு ஒரு துண்டுப்பிரசுரம் வரும். பூசணிக்காய் நிறுக்கும் போட்டி, பின்னல் கண்காட்சி, ஓடைக்கரை துப்புரவு, செவ்வந்திப் பூக்காட்சி. அந்த வருடம் முதல் முறையாகக் கடைசி வரியில், 'தமிழ்ப் புத்தாண்டு, அனைவரும் வருக' என்று நாங்களும் இடம்பிடித்தோம். நாலு கடிதம் எழுதிப் பெற்ற வரி அது. சித்திரை பிறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது உண்மைதான். ஈஸ்டர் விடுமுறையில் மண்டபம் இல்லை, அன்சாக் போர் நினைவு வாரத்திலும் இல்லை. சித்திரை முடியும்வரை வருடப்பிறப்புத்தான் என்று செயற்குழுவில் தீர்மானம் நிறைவேற்றினேன். எங்கள் சுவரொட்டியில் 'இளவேனில் விழா' என்று போட்டிருந்தது. அதை ஒட்டிய மரத்தில் ஓர் இலை மிச்சமிருக்கவில்லை.

எனக்கிருந்த ஒரே கவலை, பூ. முந்தின வருடம் பிள்ளையாருக்கு பிளாஸ்டிக் மாலை போட்டிருந்தோம். அதை விஜயா மன்னிக்கவே இல்லை. விஜயா திருச்சிக்காரர், ஆஸ்பத்திரித் தாதி. நகரின் மறுபக்கத்துக் கிளென்ஃபீல்டிலிருந்து துறைமுகப் பாலம் கடந்து வந்து எங்களுக்குப் பூத்தொடுத்துக் கொடுப்பவர்.

"சாமிக்கு பிளாஸ்டிக் மாலை போட்ட முதல் சங்கம் நாமதான் சார்" என்பார். "அடுத்த வருஷம் பிளாஸ்டிக் கொழுக்கட்டையே வச்சிரலாம். கழுவி எடுத்து வச்சா வருஷா வருஷம் ஆகும்."

ஆகவே ஏப்ரல் 12ஆம் தேதி, பூக்காட்சி நடத்தும் செவ்வந்திச் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். மூன்று பந்தி. எங்கள் பண்பாட்டில் செவ்வந்தியின் இடம், நல்லிணக்கத்தின் அவசியம், தங்கள் மலர்கள் சிலவற்றைத் தந்துதவ முடியுமா. கடைசி வரி: 'பதினான்கு நாட்களுக்குள் மறுப்பு வராவிட்டால், தங்கள் சம்மதம் என்று கொள்கிறோம்.' பதில் வரவில்லை. எனக்கு அதைவிடத் தெளிவான பதில் தேவைப்படவில்லை.

விழா நாளில் பெரிய மண்டபம் பூக்காட்சிக்கு, சிறிய அறை எங்களுக்கு. இடையில் இருந்த நடைபாதையில் இரண்டு மேசைகளை நாங்கள் கேட்டுப் பெற்றிருந்தோம். (முன்பதிவுப் படிவத்தில், பந்தி ஆறு.) காலை எட்டு மணிக்கு நானும் என் மனைவி மங்கையும் விஜயாவும் உள்ளே நுழைந்தபோது, அந்த இரண்டு மேசைகளிலும் பதினெட்டுப் பச்சைப் போத்தல்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒற்றைக் காம்பு. ஒவ்வொரு காம்பிலும் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு செவ்வந்தி. வெள்ளை, மஞ்சள், செம்பு நிறம். சுற்றிலும் ஒரு மனிதர் இல்லை.

விஜயா கைப்பையைக் கீழே போட்டார். "சார், இது செவ்வந்தியா, காலிஃப்ளவரா?"

"பாத்தீரோ?" என்று மங்கையிடம் சொன்னேன். என் குரலில் இருந்த பெருமையை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. "கடிதம் எழுதினால் காரியம் நடக்கும்."

"ஏன் சார் ஒவ்வொண்ணும் தனித்தனிப் பாட்டில்ல இருக்கு?"

"வெள்ளைக்காரரின் ஒழுங்கு."

"பக்கத்துல ஒரு அட்டை வேற இருக்கே. நம்பரெல்லாம் போட்டு."

"கொடுத்தவரின் பெயர். நன்றிக் கடிதம் எழுத வேணும் எல்லோ?"

மங்கை ஒரு பூவையும் தொடவில்லை. "இஞ்சாருங்கோ, ஒருக்கா ஆரையும் கேட்டுப்போட்டு வெட்டுவமே."

"மேசை எங்கடை. கடிதம் எங்கடை. பதினாலு நாள் முடிஞ்சு எட்டு நாளாச்சு. நீர் கத்தரிக்கோலைத் தாரும்."

அட்டைகளை இடமிருந்து வலமாக எடுத்து, அதே ஒழுங்கில் அடுக்கி, றப்பர் பட்டி போட்டுக் கோப்பில் வைத்தேன். இதை நான் ஏன் விவரமாகச் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும். அன்று காலை என்னைத் தவிர வேறு எந்த முட்டாளும் இந்த அளவுக்குத் திருத்தமாக வேலை செய்திருக்க மாட்டான்.

விஜயா பெரிய வெள்ளைப் பூ ஒன்றை நடுவில் வைத்து, இரு பக்கமும் சிறுத்துப் போகும்படி ஏழு பூவில் ஒரு மாலை தொடுத்தார். எங்கள் பிள்ளையார் ஓர் அடி உயரப் பித்தளைப் பிள்ளையார். மாலை போட்டதும் தும்பிக்கை மட்டும் தெரிந்தது. நாலு பூவை உதிர்த்து அர்ச்சனைக்குத் தட்டில் குவித்தோம். மிச்சம் ஏழு பூவையும் சாமி படங்களுக்கு வைத்தோம். நடைபாதையில் பதினெட்டுப் போத்தல்களும் காம்பும் இலையுமாக, தலை இல்லாமல் நின்றன.

ஒன்பது மணிக்கு ஹார்வி வந்தார். ஒரு கையில் சிறிய வண்ணத்தூரிகை, மறு கையில் முள் பிடுங்கும் சாவணம். இதழ்களைக் கடைசியாகச் சீர்செய்வதற்கு என்று பிறகு அறிந்தேன். அவர்தான் செவ்வந்திச் சங்கத்துக்கும் தலைவர் என்பதையும் பிறகுதான் அறிந்தேன். அதிகாலையில் வந்தபோது பெரிய மண்டபத்தின் தரை ஈரமாக இருந்ததாம். கண்ணில் பட்ட மேசையில் போட்டிப் பூக்களை வைத்துவிட்டு, எல்லோருமாகத் தேநீர் குடிக்கப் போயிருக்கிறார்கள்.

போத்தல்களை ஒருமுறை பார்த்தார். எங்கள் அறைக் கதவுக்கு வந்தார். தூரிகையால் பிள்ளையாரின் கழுத்தைச் சுட்டினார்.

"அது என்னுடையது."

நான் செய்த முதல் காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கோப்பைத் திறந்து கடிதத்தின் பிரதியை நீட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடி போட்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அவசரமில்லாமல் ஆறுதலாகப் படித்தார்.

"இதை நீங்களா எழுதினீர்கள்?"

"ஆம்."

"பதினான்கு நாள் என்பது நன்றாக இருக்கிறது." பிரதியை மடித்துத் திருப்பித் தந்தார். "தபாலைப் பூக்காட்சி முடிந்த பிறகுதான் பிரிப்போம். அதற்கு முன் யாருக்கு நேரம்?"

அந்த வெள்ளைப் பூவுக்காக நவம்பரிலிருந்து மற்ற மொட்டுகளை எல்லாம் கிள்ளி எறிந்து, மழை வந்தால் குடை கட்டி, ஒரே ஒரு பூவை வளர்த்திருக்கிறார் மனிதர். நாலு வருடம் தொடர்ந்து இரண்டாம் இடம். பதினொரு மணிக்கு நடுவர். மாலையையாவது கழற்றிக் கொடுப்போம் என்று கையை நீட்டினேன்.

விஜயா குறுக்கே வந்தார். "சாமிக்குப் போட்டதை பூஜைக்கு முன்னாடி எடுக்கக் கூடாது சார்."

"விஜயா, இது களவுப் பூ!"

"அது உங்க கணக்கு. சாமி என்ன பண்ணுவாரு?"

ஒருபக்கம் எங்கள் விதி, மறுபக்கம் அவர்கள் விதி. இரண்டும் எனக்குத் தெரியும் என்பதால் இரண்டையும் நானே மாறி மாறி மொழிபெயர்த்தேன். முடிவில் நடுவரே பிள்ளையாரிடம் வருவது என்றானது. ஹார்வியும் மற்றப் போட்டியாளர்களும் சப்பாத்தைக் கழற்றி வரிசையாக நின்றார்கள். ஹார்வியின் காலுறைகள் இரண்டு வேறு நிறம்.

நடுவர் வெளியூர் அம்மா, எழுபது வயது இருக்கும். ஒரு பூதக்கண்ணாடியுடன் வந்து, பிள்ளையார் முன்னால் முழந்தாளிட்டு, மாலையின் ஒவ்வொரு பூவையும் ஒற்றைக் கண்ணை மூடி உற்றுப் பார்த்தார். அதற்குள் எங்கள் சனம் வரத் தொடங்கியிருந்தது. விஷயம் தெரியாத அவர்களுக்கு, ஒரு வெள்ளைக்கார அம்மா பிள்ளையார் முன் உருகுவது மட்டும்தான் தெரிந்தது. பின்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்தார். யாரோ போய் அந்த அம்மாவின் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார்.

அம்மா திருநீற்றோடு எழுந்தார். "நடுவில் இருப்பதுதான் முதலாம் இடம். இப்படி ஒன்றை நான் பார்த்துப் பல வருடம். யாருடையது?"

"என்னுடையது" என்றார் ஹார்வி.

"என்னுடையது" என்றார் அவருக்குப் பக்கத்தில் நின்ற நோர்மா. நாலு வருடமும் முதலாம் இடம் எடுத்த பெண்மணி அவர்தான். வெள்ளைப் பூக்கள் மூன்று. மூன்றும் ஒரே அளவு, ஒரே வெள்ளை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் றப்பர் பட்டி போட்ட அட்டைகளை எடுத்தேன். மேசையில் இருந்த ஒழுங்கு என் கையில் துல்லியமாக இருந்தது. பூக்கள் இருந்த ஒழுங்கோ விஜயாவின் விரல்களோடு போய்விட்டது. அட்டையில்லாத பூவுக்குப் பரிசில்லை என்பது அவர்கள் விதி பன்னிரண்டு. நல்ல விதி. அந்த வருடத்துக் கிண்ணம் யாருக்கும் கொடுக்கப்படவில்லை. பெயர் பொறிக்கும் தகட்டில் இன்றைக்கும் அந்த வருடத்துக்கு எதிரே வெறும் பித்தளை.

பூஜை முடிந்ததும் மங்கை, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஹார்வியிடம் ஒரு தட்டு சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோய்க் கொடுத்தாள். நின்றபடியே சாப்பிட்டார். இன்னொரு தட்டு கேட்டார். அதையும் வழித்துச் சாப்பிட்டார். கோபத்திலா பசியிலா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"மண்டபம் பற்றி..." என்று தொடங்கினேன்.

"எழுதுகிறோம்" என்றார்.

எழுதவில்லை. நான் நான்கு இணைப்புகளுடன் மன்னிப்புக் கடிதம் அனுப்பினேன். யூனில் ஒரு நினைவூட்டல், ஓகஸ்டில் ஒன்று, ஒக்டோபரில் ஒன்று, வகுப்பைத் தொடரலாமா என்று. ஒவ்வொரு சனிக்கிழமையும், சாவியைக் கதவில் போடும் முன் பூட்டை மாற்றியிருப்பார்களோ என்று குனிந்து பார்ப்பேன். பிள்ளைகளை "அ, ஆ"வை மெல்லமாகச் சொல்லச் சொன்னேன். ஒருநாள் மூலைக் கடையில் பால் வாங்கும்போது ஹார்வியைப் பிடித்தேன். "பதில் எழுதும் பட்டியலில் இருக்கிறது, நண்பா" என்றார்.

வீட்டில் நான் புலம்பினால் மங்கைக்குச் சிரிப்பு. "அவர் வேண்டாம் எண்டு சொல்லேல்லைத்தானே?"

"சொல்லாட்டில்? அதைச் சம்மதம் எண்டு எடுக்கேலுமோ? ஆராவது அப்பிடி எடுப்பினமோ?"

அவள் தேங்காய் துருவியைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்து அறையிலிருந்த மகளுக்கும் கேட்டிருக்கிறது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் யாரைக் கேட்டுப் பதில் வராவிட்டாலும், கடைசிக் கோழித்துண்டை எடுப்பதற்கு முன்னும், மேசையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஃபோர்ட்டீன் டேய்ஸ், அப்பா?" என்பது வழக்கம். மகளுக்கு இப்போது நாற்பது வயது. அவளுடைய பிள்ளைகளுக்குத் தமிழில் ஒழுங்காகத் தெரிந்த எண் பதினான்குதான்.

முடிவில் ஹார்வியிடமிருந்து கடிதம் வந்தது. ஒரு பக்கம், தட்டச்சு. தலைப்பில் என் மன்னிப்புக் கடிதமோ நினைவூட்டல்களோ இல்லை. 'தங்கள் ஏப்ரல் 12ஆம் தேதிக் கடிதம் தொடர்பாக' என்று இருந்தது. அடுத்த பூக்காட்சி முடிந்தபின், ஞாயிறு மாலை நாலு மணிக்கு வந்தால், வேண்டிய பூக்களை எடுத்துக்கொள்ளலாம். அட்டைகளைத் தயவுசெய்து தொட வேண்டாம். சனிக்கிழமை வகுப்பு தொடர்வதில் மண்டபக் குழுவுக்கு ஆட்சேபணை இல்லை. மூன்று முறை ஏன் கேட்டீர்கள் என்பது குழுவுக்கு விளங்கவில்லை. கடைசியாக ஒரு கோரிக்கை: காட்சியன்று அந்த இனிப்புச் சோறு நாற்பது பேருக்கு. 'பதினான்கு நாட்களுக்குள் மறுப்பு வராவிட்டால், தங்கள் சம்மதம் என்று கொள்கிறோம்.'

மங்கை அதை வாங்கிப் படித்துவிட்டு, அரிசி இருக்கிறதா என்று பார்க்கப் போனாள். நான் பழைய பழக்கத்தில் பேனாவை எடுத்து, கடிதத்தின் மேல் மூலையில் கிடைத்த தேதியைக் குறித்தேன்: 1997 பெப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. என் முதல் கடிதம் அனுப்பி முன்னூற்று ஐந்தாம் நாள்.